ஆள் சாகாத செத்தவீடு

எங்களுக்கு அன்பு காட்டத் தெரியாதாம். அதைப் பழக்கித் தருவதற்கென்று, கண்ணாடி ஏற்றிக் குளிரூட்டின வாகனம் ஒன்றில் ஒரு பிள்ளை எங்கள் மாதர் சங்க மண்டபத்துக்கு வந்தாள். எந்த நிறுவனம் என்று சொன்னாள்தான். வட்டக்கச்சிக்கு வந்து போகிற நிறுவனங்களின் பெயரையெல்லாம் மனதில் வைத்திருக்க வெளிக்கிட்டால் எனக்குத் தெரிந்த நாலு தேவாரமும் மறந்து போய்விடும். ஆகவே நான் வைத்திருப்பதில்லை.

கதிரைகளை வட்டமாகப் போடச் சொன்னாள். போட்டோம். "கடைசியா எப்ப உங்கட கணவரைக் கட்டிப்பிடிச்சனீங்கள்?" என்று கேட்டாள். பிள்ளை பெற்று, பேரப்பிள்ளையும் கண்ட பெண்கள் நாங்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். என் முன்வீட்டுக்காரிக்கு வாய் சும்மா இருக்காது.

"மிஸ், நான் போய் அந்தாளைக் கட்டிப்பிடிச்சால் எனக்குப் பேய் பிடிச்சிட்டுதெண்டு கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போவார்."

மண்டபமே சிரித்தது. மிஸ்சும் சிரித்தாள். ஆனால் விடவில்லை. தொடுவது ஒரு மருந்தாம். தொட்டுப் பழகாத வீட்டில் அன்பு காய்ந்து போகுமாம். எங்கள் சனம் பிள்ளை வளர்ந்தவுடன் தொடுவதை நிறுத்திவிடுகிறதாம், அதுதான் இத்தனை மனவருத்தமும் சண்டையுமாம். சொல்லிவிட்டு, எல்லோரும் எழும்பிப் பக்கத்தில் இருப்பவரைக் கட்டிப்பிடியுங்கோ என்றாள்.

எனக்குப் பக்கத்தில் முன்வீட்டுக்காரி. எழும்பினோம். அவள் கை என் தோளில் விழுந்தது. என் கை அவள் முதுகில். விழுந்த கையோடு அவளுக்கு வாய் கோணிக்கொண்டு வந்தது. "அக்கா, எனக்கு அழுகை வருது" என்று காதுக்குள் சொன்னாள்.

வராமல் என்ன செய்யும்? எங்கள் பக்கத்தில் இரண்டு பெண்கள் நின்று கட்டிப்பிடிக்கிறார்கள் என்றால் அது செத்தவீடு. அங்கே வருகிற பெண் படலையடியிலேயே குரல் எடுப்பாள். வீட்டுக்காரி அந்தக் குரலுக்கு எழும்பிக் கையை விரிப்பாள். வந்தவள் அந்தக் கைக்குள் விழுவாள். தோளில் தலை வைத்து இரண்டு பேரும் அழுவார்கள். மற்ற நாளில் கதை பேச்சு இல்லாதவர்களும் அன்றைக்கு விழத்தான் வேண்டும். அது முறை. விரித்த கைக்குள் விழாமல் போவது, சபையில் வைத்துக் கன்னத்தில் அறைவது மாதிரி.

மிஸ்சுக்கு இதெல்லாம் யார் சொல்வது? பிளேன்ரீயும் கடிக்க ஒரு பணிசும் தந்துவிட்டுப் போனாள். பணிசு முந்தின நாளையது.

அன்பு காட்டத் தெரியாத சனமாம். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பது இவர்களின் கணக்கில் சேராது. பேன் பார்ப்பது சேராது. மனுசனின் காலில் ஏறின முள்ளைத் தொடையில் தூக்கி வைத்து ஊசியால் எடுப்பதும் சேராது. மார்போடு மார்பு முட்டினால்தான் கணக்காம். வெளிநாட்டில் இருந்து வருகிற சனத்தைப் பார்க்கிறேன்தானே. விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து, படம் எடுத்து, அதே கிழமையில் காணிக்கு எல்லைக்கல்லுப் பிடுங்குகிறார்கள்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். மிஸ் சொன்னதைக் கேட்டு வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்கு என் தங்கச்சியின் நினைப்பு. அந்த எரிச்சலில்தான் பணிசையும் குறை சொன்னேனோ தெரியாது. இல்லை, பணிசு உண்மையிலேயே பழசு.

என் தங்கச்சி முள்ளியவளையில் கட்டிக்கொண்டு போனவள். எங்கள் அம்மாவுக்கு நாங்கள் இரண்டு பேர்தான். அப்பா முந்தியே போய்விட்டார். அம்மா கடைசிக் காலத்தில் என்னோடு இருந்தா. தூக்கினது, புரட்டினது, கழுவினது, தலைக்கு எண்ணெய் வைத்தது எல்லாம் நான். ஒருநாள் விடியத் தேத்தண்ணி குடித்த மனுசி மத்தியானம் இல்லை. சொல்லி அனுப்பினோம். பின்னேரம் படலையடியில் தங்கச்சியின் குரல் கேட்டது.

நான் எழும்பினேன். சுற்றியிருந்த பெண்கள் விலகி வழிவிட்டார்கள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். அவள் வந்தாள். வந்தவள் என்னைத் தாண்டிப் போனாள். நேரே போய் அம்மாவின் மேல் விழுந்தாள்.

நான் விரித்த கையோடு நிற்கிறேன். வட்டக்கச்சிச் சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு இருக்குது. பறையடிக்கிறவர்களும் அடியை நிறுத்திவிட்டுப் பார்த்த மாதிரி எனக்கு இருந்தது. நல்லகாலம், ஒரு தூரத்துச் சின்னம்மா விளங்கிக்கொண்டு ஓடிவந்து என் கைக்குள் விழுந்தா. அவவும் இல்லாவிட்டால் நான் அந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைத்திருப்பேன்?

எட்டுச்செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி எல்லாம் ஒரு சொல் பேசாமல் நடந்து முடிந்தது. கல்யாணம், சாமத்தியவீடு ஒன்றுக்கும் நான் அங்கே போகவில்லை, அவள் இங்கே வரவில்லை. என் மகனின் கல்யாணத்துக்குக் கார்ட் மட்டும் அனுப்பினேன். கார்ட்டுக்குக் கை இல்லைத்தானே, விரிக்க.

"அவள் உன்னைக் காணேல்லையாக்கும்" என்று என் மனுசன் இடைக்கிடை சொல்லுவார்.

"காணாமல் போக நான் என்ன ஊசியே?" என்று கேட்பேன். அதோடு அவர் வானொலியைக் கூட்டிவிடுவார்.

எனக்கு இதில் ஒரு நட்டமும் இல்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்படிச் சொல்லித் திரிகிறவளைப் பார்த்தாலே தெரியும், எவ்வளவு நட்டம் என்று. கூடப்பிறந்தது ஒன்றே ஒன்று. அம்மா எப்படிச் சிரிப்பா, அம்மா எந்தக் கறிக்கு என்ன தூள் போடுவா என்று கதைக்க எனக்கு இந்த உலகத்தில் வேறு ஆள் கிடையாது. பிள்ளையாரிடம் கேட்பேன், அவளுக்கு ஒரு புத்தியைக் குடு என்று. எனக்குப் புத்தி வேண்டும் என்று கேட்கவில்லை. கையை விரித்தவள் நான். தாண்டிப் போனவள் அவள். அவள்தான் வரவேண்டும்.

இப்படி இருக்கும்போதுதான் என் மனுசனைப் பாம்பு கடித்தது.

வயலுக்குத் தண்ணி திருப்பப் போன இடத்தில், வரம்பில் புடையன். நல்ல நீட்டு ரப்பர் சப்பாத்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அது மால் கொட்டிலில் தொங்குது. போட்டால் கால் வேர்க்குமாம். பாம்பு கடித்தால் வேர்க்காது என்று நினைத்தாரோ என்னவோ. முன்வீட்டுக்காரியின் மனுசன் உழவு மெசினைப் பெட்டியோடு கொண்டுவந்து, அதில் ஏற்றிக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி முழுக்க அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இருந்தார். கல்யாணத்தில் ஐயர் பிடித்துக் கொடுத்த கை. அதற்குப் பிறகு பகல் வெளிச்சத்தில், ஊர் பார்க்க, அவர் அதைப் பிடித்தது அன்றைக்குத்தான். பிடித்த பிடியில் காப்பு நெளிந்துவிட்டது.

"விடாதை" என்றார்.

"விட்டால்தானே" என்றேன்.



மருந்து ஏற்றினார்கள். மகன் வவுனியாவில் இருந்து வந்து சேர்ந்தான். ஆபத்துத் தாண்டிவிட்டது, ஆனால் வைத்துப் பார்க்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். மகனைத் தகப்பனோடு விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை விடிய நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். மாடு பட்டினி. சாமிக்கு விளக்கு இல்லை. முற்றம் கூட்டி, தண்ணி தெளித்து, மாட்டுக்குத் தவிடு கரைத்து வைத்துவிட்டு, குசினி வாசலில் இருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

ஓட்டோ ஒன்று வந்து நிற்கிற சத்தம். அதற்குப் பிறகு ஒரு குரல்.

"என்ர அக்கா...!"

அந்தக் குரலை எனக்குத் திருவிழாச் சனத்துக்குள்ளும் தெரியும். எட்டிப் பார்த்தால் தங்கச்சி. வெளிறின சேலை. தலைமயிர் அவிழ்ந்து கிடக்குது. படலையை இடுப்பால் தள்ளிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்தபடி வருகிறாள்.

பெற்ற தாய் செத்ததற்கே என்னைத் தொடாதவள். இன்றைக்குக் கையை விரித்துக்கொண்டு வருகிறாள் என்றால் வேறு என்ன அர்த்தம்? நான் பஸ்சில் வந்த நேரத்துக்குள் அந்த மனுசன் போய்விட்டார். மகன் எனக்குச் சொல்லப் பயந்து, தன் சின்னம்மா என்று இவளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறான்.

"ஐயோ என்ர ராசா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். மடியில் இருந்த முருங்கையிலை எல்லாம் முற்றத்தில். நடுவழியில் இரண்டு பேரும் மோதி, கட்டிப்பிடித்து, அப்படியே நிலத்தில் இருந்துவிட்டோம்.

என் குரலைக் கேட்டதோடு அவளுக்கு இருந்த துளிச் சந்தேகமும் போய்விட்டதாம். பிறகு சொன்னாள். அவள் குரலைக் கேட்டு எனக்குச் சந்தேகமே வரவில்லை. அவள் அழுகிறாள் என்று நான் அழ, நான் அழுகிறேன் என்று அவள் இன்னும் கூட அழ, இதற்குள் யார் யாரைக் கேட்பது?

அயல் என்று ஒன்று இருக்குதே. அந்தச் சனமாவது கேட்குமா? முன்வீட்டுக்காரி மாக் குழைத்த கையோடு ஓடிவந்து எங்கள் மேல் விழுந்தாள். பின்வீட்டார் வந்தார்கள். வாய்க்கால் கரையில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தவர்கள் ஈரத்தோடு வந்தார்கள். தோளைத் தோள் பிடித்து வட்டமாக இருந்து அழத் தொடங்கினோம். ஒருத்தி ஓடிப்போய்ப் படங்கு கொண்டுவந்து விரித்தாள். யாரோ வாசிகசாலைக்கு ஆள் அனுப்பிக் கதிரை கேட்டுவிட்டார்கள். ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்யச் சொன்னால் எங்கள் சனம் ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கும். செத்தவீடு என்றால் மட்டும் படை மாதிரி.

தங்கச்சி ஒப்பாரி எடுத்தாள். அவளுக்கு நல்ல குரல், அம்மாவின் குரல்.

"ஆனை நடந்த மாதிரி நடந்தியளே என்ர அத்தான்
அரை வழியில் எங்களை விட்டுப் போட்டுப் போனியளோ..."

என் மனுசன் வாழைநார் மாதிரி ஒரு ஆள். பலத்த காற்றுக்கு வேலியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர். ஆனையாம். அந்தத் துக்கத்துக்குள்ளும் எனக்கு இது மூளையில் ஒரு பக்கத்தால் ஓடியது. அடுத்ததுதான் சுருக்கென்று குத்தியது.

"சந்தையில நிண்டெல்லோ சாவைக் கேட்டன் என்ர அத்தான்
சொந்தத் தமக்கைக்கு ஒரு சொல்லனுப்ப மனமில்லை..."

மகன் சொல்லிவிட்டது இவளுக்குச் சந்தையில் வைத்துக் கிடைத்திருக்குது, எனக்கு முன்னம் முள்ளியவளைச் சந்தைக்கே தெரிந்துவிட்டது, கட்டின பெண்சாதிக்குத்தான் தெரியாது என்று நினைத்து நான் இன்னும் பலமாக அழுதேன். அழுதுகொண்டே பதிலும் கொடுத்தேன். கொடுக்காமல் விட எனக்கென்ன வாயில்லையா?

"பெத்தவள் கிடக்கையில விரிச்ச கையோட நிண்டன்
பார்த்தும் பாராமல் பாதை விலத்தினியே..."

அவள் விடுவாளா?

"கை பார்க்க வந்தனோ கண்ட சனம் சொல்லாதோ
தாய் பார்க்க வந்தவளைத் தட்டிக் கேப்பார் ஆருமில்லை..."

சண்டை முழுவதும் ராகத்தோடு நடந்தது. இத்தனை வருடமாக உள்ளுக்குள் வைத்திருந்ததெல்லாம் வந்தது. மகன் கல்யாணத்துக்கு வராதது, அவளின் மூத்த பெட்டைக்குச் சாமத்தியவீடு செய்தபோது நான் போகாதது, அம்மாவின் அட்டியல், அம்மாவின் படம். சுற்றிவர இருந்தவர்கள் அதற்கும் மூக்கைச் சிந்தினார்கள். சிலபேர் நல்லாய்க் காது கொடுத்துக் கேட்டதும் எனக்குத் தெரியும். நுள்ளாத குறைதான், ஆனால் ஒருத்தியை ஒருத்தி விடவில்லை. கையை விட்டால் எழும்பி நின்று உண்மையாகவே சண்டை பிடிக்க வேண்டி வந்துவிடும்.

கோயில் தர்மகர்த்தா ஐயா சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வந்து, தொண்டையைச் செருமினார்.

"பிள்ளையள், பிரேதம் எத்தினை மணிக்கு வருதாம்?"

அழுகை கொஞ்சம் அடங்கியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தங்கச்சியைப் பார்த்தேன்.

"எத்தினை மணிக்காம்?" என்று கேட்டேன். அம்மா போன பிறகு ராகம் இல்லாமல் அவளோடு நான் பேசின முதல் பேச்சு அது.

"எனக்கென்ன தெரியும்? நீயெல்லோ சொல்லோணும்."

"உனக்குத்தானே மகன் சொல்லிவிட்டவன்?"

"உன்ர மகன் என்னோட எப்ப கதைச்சவன்?"

"அப்ப உனக்கு ஆர் சொன்னது?"

"சந்தையில கீரைக்காரி."

முன்வீட்டுக்காரி மெல்ல எழும்பப் பார்த்தாள். பிறகு விசாரித்ததில் எல்லாம் வெளியில் வந்தது. முன்வீட்டுக்காரி தன் மச்சாளுக்குப் போனில் "கடுமையாம்" என்று சொல்லியிருக்கிறாள். மச்சாள் முள்ளியவளையில் இருக்கிறாள். அவள் சந்தையில் "தப்பமாட்டாராம்" என்றிருக்கிறாள். கீரைக்காரியிடம் வரும்போது ஆள் செத்தே போனார். இந்த வேகத்தில் எங்கள் வாய்க்காலில் தண்ணி வந்தால் நாங்கள் மூன்று போகம் செய்யலாம்.

மகனுக்குப் போன் எடுத்தார்கள். எடுத்தது அவனில்லை, அவர்.

"இஞ்சேர், மத்தியானத்துக்கு இடியப்பமும் சொதியும் கொண்டு வா. இஞ்சத்தைச் சோறு வாயில வைக்கேலாது. அதென்ன பின்னால சனச் சத்தம்? ஆர் வீட்டை செத்தவீடு?"

"எங்கட வீட்டை."

"எங்கட வீட்டை ஆர்?"

"நீங்கள்தான்" என்றேன்.

சந்தோசப்பட வேண்டாமா சனம்? பட்டார்கள்தான். ஆனால் ஒன்றிரண்டு முகத்தைப் பார்க்க, பஸ்சைத் தவறவிட்டவர்கள் மாதிரி இருந்தது. படங்கு கொண்டுவந்தவள் அதை உதறி மடித்துக்கொண்டு, "ஒரு விசாரிப்பு இல்லாமல் இப்பிடியே அழுகிறது?" என்று எங்களுக்குப் புத்தி சொன்னாள். அவளின் மூக்கு இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது.

தர்மகர்த்தா ஐயா போகும்போது சொல்லிவிட்டுப் போனார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா, உயிரோட இருக்கிற ஆளுக்கு ஒப்பாரி வைச்ச வீடு. அழுத ரெண்டு பேரும் முழுகிப்போட்டு விளக்கேத்துங்கோ. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடையுங்கோ. அவருக்கு ஆயுசு கூடும்."

ஆயுசு கூடட்டும். அந்த ரப்பர் சப்பாத்தையும் போட்டால் இன்னும் கூடும்.

முற்றத்தில் இரண்டு பேரும் மிஞ்சினோம். அவள் கையை எடுத்தாளா, நான் எடுத்தேனா தெரியவில்லை. அவள் தலைமயிரைச் சுருட்டி முடிந்தாள்.

"நான் போறன். ஆள் சாகேல்லை எண்டால் எனக்கு இஞ்ச என்ன வேலை?"

"போ. ஆர் மறிச்சது?" என்றேன். இவள் இப்போது இந்தப் படலையைத் தாண்டினால், பிறகு உண்மையாகவே யாராவது செத்தால்தான் வருவாள். அதுவும் நானாக இருந்தால் எனக்குத் தெரியவும் வராது. "ஆனால் முழுகாமல் போறாய். வீட்டை போய் எந்த மூஞ்சையோட விளக்கேத்தப் போறாய்?"

நின்றாள். அவளும் அம்மா வளர்த்த பிள்ளைதானே. வெள்ளிக்கிழமை, ஒப்பாரி வைத்த உடம்போடு, முழுகாமல் பஸ் ஏற அவளால் முடியாது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

"மாத்துச் சேலை தா" என்றாள், கடைக்காரனிடம் கேட்கிற மாதிரி.

எங்கள் கிணறு ஆழம். ஒருத்தி அள்ள ஒருத்தி குளிப்பதுதான் வசதி. குறுக்குக்கட்டோடு கல்லில் இருந்தேன். அவள் வாளியைப் பிடித்தாள்.

"எனக்குக் கை இருக்கு" என்றேன்.

"இரு எண்டுறன்."

ஊற்றினாள். பிறகு சவர்க்காரத்தைப் பறித்து, என் முதுகில் கையை வைத்துத் தேய்த்தாள்.

"சீ! ஒரு வயல் மண் கிடக்கு உன்ர முதுகில. இதை ஆரும் தேய்ச்சு விடுறேல்லையோ?"

"ஆர் இருக்கினம்? அம்மா இருந்தா. அம்மா போனா."

அவள் கை நின்றது. முதுகில் அப்படியே இருந்தது. தண்ணி ஒழுகிக்கொண்டிருந்தது.

"அண்டைக்கு நான் உன்னைக் கண்டனான்" என்றாள்.

"கண்டிட்டுத்தான் தாண்டினியோ?"

"ஓம். அம்மாவைத் தூக்கிக் கழுவினது எல்லாம் நீ. கடைசி நாளிலயும் அம்மா உன்ர கையில. எனக்கு அம்மாவைத் தொட்டு ஒரு வருசத்துக்கு மேல. உன்ர கைக்குள்ள முதல் விழுந்தால், நீ என்னை ஒரு பக்கத்தில இருத்திப்போட்டு வாற சனத்துக்கெல்லாம் அழச் சொல்லுவாய். உன்னை எனக்குத் தெரியாதே? அம்மாவில இருக்கிற சூடு போக முன்னம் நான் தொடோணும் எண்டு ஓடி வந்தனான். வந்து தொட்டால் குளிர்ந்து போய்க் கிடந்தா."

இதை அன்றைக்கே, அடுத்த நாளே, எட்டாம் நாளாவது சொல்லியிருக்கலாம். அதற்கு வாய் வராது. கிணற்றடியில் என் முதுகைப் பார்த்துக்கொண்டு சொல்லத்தான் வந்திருக்குது.

"கழுத்தடியைத் தேய்" என்றேன்.

தேய்த்தாள். தோல் உரிகிற மாதிரித் தேய்த்தாள். என்னை மன்னித்துக்கொள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அதெல்லாம் நாடகத்தில் வருகிற பேச்சு. பிறகு அவளைக் கல்லில் இருத்தி நான் அள்ளி ஊற்றினேன். முதுகெலும்பு ஒவ்வொன்றும் விரலில் முட்டியது. "சாப்பிடுறேல்லையோ? முள்ளியவளையில அரிசி விளையிறேல்லையோ?" என்று கேட்டேன். "உன்ர சமையலைச் சாப்பிட்டால்தான் ஆள் மெலியும்" என்றாள். அம்மாவுக்கும் அதே முதுகுதான். அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் திரும்பவும் அழத் தொடங்குவாள், திரும்பவும் முழுக வேண்டும்.

விளக்கேற்றினோம். மூத்தவள் இளையதுக்குத் திருநீறு பூசிவிடுவது எங்கள் வீட்டுப் பழக்கம். கையில் எடுத்துக்கொண்டு திரும்பினேன். அவள் ஏற்கனவே குனிந்துகொண்டு நின்றாள்.

இடியப்பம் அவிக்கவும் அவள்தான் கை கொடுத்தாள். கை கொடுத்தாள் என்றால், என்னைத் தள்ளிவிட்டு அவளே அவித்தாள். இரண்டு பேரும் பஸ்சில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மனுசன் தலையணையில் சாய்ந்து, இராசா மாதிரி இருந்தார்.

"அத்தான், உங்களை நம்பி அழுதுபோட்டன். இனி உண்மையாச் செத்தால் என்னட்டை மிச்சமில்லை" என்றாள் தங்கச்சி.

"மச்சாள், என்னத்தைச் சொல்லி அழுதனி? ஒருக்காச் சொல்லு பாப்பம்."

வெட்கம் இல்லாமல் கேட்டார். அவள் அதற்கு மேல் வெட்கம் இல்லாமல், குரலை அடக்கி, ஆனை நடந்த மாதிரி என்று எடுத்தாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் தலையைத் திருப்பினார்கள். இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஆனையோ?" என்று போர்வைக்குள் காலை நீட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ என்ன சொல்லி அழுதனி?"

யோசித்துப் பார்த்தேன். "என்ர ராசா" என்று கத்திக்கொண்டு ஓடினேன், அது ஒன்றுதான். அவரைப் பற்றி வேறு ஒரு வரி கிடையாது. மிச்சம் முழுவதும் தங்கச்சியோடு.

"அவள் உங்களை எங்க அழுதவள்? என்னை வைஞ்சவள்" என்றாள் தங்கச்சி.

"அதுதானே பார்த்தன்" என்றார் மனுசன். கோபம் இல்லை. இடியப்பத்தைச் சாப்பிட்டார்.

பின்னேரம் பஸ் நிலையத்தில் அவளை ஏற்றிவிடப் போனேன். கட்டிப்பிடித்துப் பிரிவோம் என்று யாராவது நினைத்தால் அவர்கள் போய் மிஸ்சின் வகுப்பில் சேரலாம். அவள் முண்டியடித்து ஏறி, சீற்றுப் பிடித்து, தலையை வெளியே நீட்டினாள்.

"வைகாசியில அம்மன் கோயில் பொங்கல் வருது. வா எண்டு நான் கேக்கேல்லை. வந்தால் பாய் கிடக்கு."

"பாப்பம்" என்றேன்.

வைகாசியில் போனேன். விரதம் இருந்து, நேர்த்திக்குப் பாற்செம்பும் எடுத்துக்கொண்டு போனேன். படலையடியில் நான் குரல் கொடுக்கவும் இல்லை, அவள் எழும்பி வரவும் இல்லை. குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். காலால் ஒரு பலகையை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"பஸ் பிந்திட்டுதோ? இந்தா, பயித்தங்காயை முறி. சின்னனா முறி, போன முறை அம்மாவின்ர திவசத்துக்கு விரல் நீளத்துக்கு முறிச்சு வைச்சனியாம், ஊரே கதைக்குது."

பலகையைப் போட்டு இருந்தேன். அவளின் தோள் என் தோளில் முட்டிக்கொண்டே இருந்தது. தள்ளியிருக்க இடமில்லை. அவளின் குசினி அவ்வளவு ஒடுக்கம்.